புற்றா என்று கேட்டபின் இன்னொரு கேள்வி

வயிற்று ஸ்கேனில் அட்ரினல் சுரப்பியில் கட்டி என்று வந்தால் வீட்டில் முதலில் எழுவது "புற்றா?" என்ற கேள்விதான். சித்தப்பாவுக்கு வந்தபோது நாங்களும் அதையே கேட்டோம். இல்லை என்றதும் மூச்சு வந்தது. ஆனால், அந்தக் கட்டி ஹார்மோன் சுரக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். தற்செயலாகத் தெரியவரும் இத்தகைய கட்டிகளில் பெரும்பாலானவை சாதுவானவை. சுரப்பவைதான் இரத்தக்குழாய்களைக் கெடுக்கின்றன.

பக்கவாதத்தில் வலது கையும் காலும் விழுந்து அவர் வார்டில் இருந்தபோது, வயிற்றுவலிக்காக எடுத்த சி.டி.யில் 1.6 செ.மீ. கட்டி தெரிந்தது. மூன்று மாத்திரைக்கும் அடங்காத பிரஷர், குறைந்துகொண்டே வந்த பொட்டாசியம் இரண்டையும் கட்டியோடு சேர்த்துப் பார்த்தவர் ஹார்மோன் டாக்டர். அவர் சந்தேகித்தது, ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் அதிகமாகச் சுரக்கும் நோய். இதை ஜெரோம் கான் 1955இல் விவரித்தார். இந்த நோய் இல்லாமல் பிரஷர் மட்டும் உள்ளவர்களைவிட இந்த நோயாளிகளுக்குப் பக்கவாத ஆபத்து சுமார் இரண்டரை மடங்கு என்று 2018இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். பிரஷரைத் தாண்டியும் அந்த ஹார்மோன் இதயத்தையும் குழாய்களையும் தாக்குகிறது.

எல்லா ஹார்மோன் சோதனையையும் அன்றே முடித்துவிட நாங்கள் அவசரப்பட்டோம். "கார்ட்டிசால் டெஸ்ட் இப்ப வேணாம்மா. ஸ்ட்ரோக் வந்த உடம்புல அது எப்படியும் ஏறித்தான் இருக்கும். உடம்பு தேறட்டும்" என்றார் டாக்டர். பிறகு, அந்தச் சோதனைக்காக இரவு டெக்ஸாமெத்தசோன் மாத்திரை கொடுத்து, காலையில் இரத்தம் எடுத்தார்கள். கார்ட்டிசால் சரியாக இருந்தது. ஆல்டோஸ்டிரோன், ரெனின் பார்க்கும்முன் பொட்டாசியத்தைச் சரிசெய்தார்கள். சில பிரஷர் மாத்திரைகள் முடிவை மாற்றிவிடும். எதை நிறுத்துவது என்பது டாக்டர் சொல்ல வேண்டியது. பக்கவாதம் வந்தவருக்கு நாமாக ஒரு மாத்திரையைக்கூட நிறுத்தக் கூடாது.

நோய் உறுதியானபின், அறுவை சிகிச்சை வேண்டாம் என்று சித்தப்பா சொல்லிவிட்டதால் ஸ்பைரனோலாக்டோன் மாத்திரை தொடங்கினார்கள். பிரஷர் மெல்ல இறங்கியது. கை அசைந்தது அந்த மாத்திரையால் அல்ல; சித்தி விடாமல் செய்யவைத்த பிசியோதெரபியால். மாத்திரை, இரண்டாவது பக்கவாதம் வராமல் இருக்க. இந்த வித்தியாசத்தை நோயாளிக்குப் புரியவைப்பது நல்லது. இல்லாவிட்டால் "கை இன்னும் சரியாகலையே" என்று மாத்திரையின்மேல் நம்பிக்கை போய்விடும்.

ஆண்களுக்கு இந்த மாத்திரையால் மார்பு வீங்கலாம், வலிக்கலாம். கூச்சப்படாமல் சொன்னால் வேறு மாத்திரைக்கு மாற்றித் தருவார்கள். உணவிலும் ஒரு திருப்பம் உண்டு. பொட்டாசியம் குறைந்திருந்தபோது இளநீர் குடிக்கச் சொன்னவர்கள், இந்த மாத்திரை தொடங்கியதும் அதைக் குறைக்கச் சொன்னார்கள். சோடியம் குறைந்தது என்று கடையில் விற்கும் உப்பும் வேண்டாம் என்றார்கள். அதில் இருப்பது பொட்டாசியம். பார்க்க வரும் உறவினர்கள் இளநீரோடுதான் வருவார்கள். அவர்களிடமும் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.