கையை விடு, காலைப் பார்!

தங்கச்சி, வீடியோவைப் பார்த்து முற்றத்திலை தாய் சி பழகிறாய், சந்தோசம். ஆனா "எல்லாம் ஒரே கையசைப்புத்தானே அக்கா" எண்டு கேட்டாய் பார், அங்கைதான் எனக்குக் கோபம் வந்தது. பழைய யாங் முறையைச் சுருக்கி 1956இலை சீனாவிலை உண்டாக்கின 24 நிலைதான் நீ பழகிறது. சண்டைக்கெண்டு பார்த்தா ஒவ்வொண்டுக்கும் வேற வேற வேலை. உனக்கு நேரமில்லை, தெரியும். மாறாட்டம் வாற மூண்டை மட்டும் பிடி.

1. காட்டுக்குதிரைப் பிடரி (2ஆவது நிலை): இது தள்ளுறதில்லை, சரிக்கிறது. நெல்லு மூட்டையைச் சரிக்கேக்கை அடியிலை காலை முட்டுக் குடுப்பாயெல்லோ? அதுதான். எதிராளியின்ரை கையைக் கீழை இழுத்து, அவன்ரை காலுக்குப் பின்னாலை உன்ரை காலை வை. மற்றக் கையைக் கக்கத்துக்குள்ளாலை விட்டு இடுப்பைத் திருப்பு. காலை வைக்காமல் கையை வீசினா அவன் அசையமாட்டான்.

2. முழங்காலைத் தடவுறது (4ஆவது): பேரைப் பார்த்து ஏமாறாதை. கீழை வாற உதையை ஒரு கை ஒதுக்க, மற்றக் கை நெஞ்சிலை தள்ளுது. இடக்கால் முன்னுக்கெண்டா வலக்கை தள்ளும்.

3. குரங்கை விரட்டுறது (6ஆவது): தள்ளுற கை முந்தினது மாதிரியே இருக்கும், எல்லாரும் பிழைவிடுற இடம் இதுதான். இதிலை நீ பின்னுக்குப் போறாய். மணிக்கட்டை ஆராவது பிடிச்சா உள்ளங்கையை மேலை திருப்பி, கிணத்து வாளி இழுக்கிற மாதிரி இடுப்புக்கு இழு. மற்றக் கை அவன்ரை முகத்துக்குப் போகட்டும். வலக்கால் முன்னுக்கு நிண்டா வலக்கைதான் தள்ளும். வீடியோவை நிப்பாட்டி இந்த ஒண்டை மட்டும் பார். 4ஓ 6ஓ எண்டு உடனை விளங்கும்.

செய்யக்கூடாதது:

• சீமெந்து நிலத்திலை ஆளைச் சரிச்சுப் பழகாதை. மணலிலை செய்.
• முழங்கையை விறைப்பா நீட்டாதை, பிடிச்சு மடக்கிப்போடுவினம்.
• மடிச்ச முழங்கால் கால்விரலைத் தாண்ட விடாதை. பிறகு நோகுது எண்டு என்னட்டை வராதை.
• அம்மாவை எதிராளியா நிப்பாட்டாதை, பிள்ளை!

எங்கடை சிலம்பத்திலையும் கம்பு சுத்த முதல் காலடிதான் பழக்குவினம். நீயும் முதல் கிழமை கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு, இந்த மூண்டுக்கும் கால் மட்டும் வைச்சுப் பழகு. விடிய தேத்தண்ணி கொதிக்கிற நேரம் காணும்.