பழைய பாணி பாஸ்கெட்பால் ஷூ: அழகா? சுகமா?

கணுக்காலை மூடும் கேன்வாஸ் ஷூ புது ஃபேஷன் இல்லை. அமெரிக்காவின் கான்வெர்ஸ் கம்பெனி 1917-லேயே கொண்டுவந்து, கூடைப்பந்து வீரர்கள் போட்டு ஆடிய மாடல் அது.

அழகுக்கு என் மார்க் 10-க்கு 10. சுகத்துக்கு 5 தான். ஏன்? துணியில் காற்று போகும், சரி. ஆனா அடியில் தட்டை ரப்பர், மெத்தை குறைவு. சிமெண்ட் தரையில் குதிச்சா அடி நேரா குதிகாலில் இறங்கும்.

வாங்கும்போது கவனிக்க:
1. சாயங்காலம் போட்டுப் பாருங்க. அப்போ பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும்.
2. விரல் நுனிக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேணும்.
3. வளைச்சா, விரல் மடங்கும் இடத்தில் வளையணும்.

நம்ம ஆரணியில் தறிக்குழியில் மிதி மிதிக்கும் கால்கள் சம்பாதிச்ச காசு அது. ஊர் சுற்ற கேன்வாஸ் போதும். ஆட மெத்தை வைத்த ஷூ வாங்குவோம்!