வீடு அவருடையது, சாவி யாருடையது?

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடல் போன்ற ஊர்களில் வீட்டை வாடகைக்கு விடுவது பெரும்பாலும் வாய்ப்பேச்சிலேயே முடிந்துவிடும். அட்வான்ஸ் கைமாறும், சாவி கைமாறும். கூடவே சில தவறான எண்ணங்களும் கைமாறுகின்றன.

நம்பிக்கை: "என் வீடு. எப்போது வேண்டுமானாலும் உள்ளே போவேன்."

உண்மை: சொந்தம் வேறு, அனுபோகம் வேறு. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 108ஆம் பிரிவின்படி, வாடகையைச் செலுத்தி ஒப்பந்தப்படி நடப்பவர் வாடகைக் காலம் முடியும்வரை இடையூறில்லாமல் குடியிருக்கலாம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 329ஆம் பிரிவு, பிறர் அனுபோகத்தில் உள்ள இடத்துக்குள் மிரட்டவோ அவமதிக்கவோ தொல்லை கொடுக்கவோ நுழைவதைக் குற்றம் என்கிறது. பட்டா யார் பெயரில் என்று அது கேட்பதில்லை. அப்படிப் புகுந்தது குடியிருக்கும் வீடு என்றால் ஓராண்டு வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

நம்பிக்கை: "வாடகை கொடுக்கிறேன். வீட்டுக்காரர் வாசற்படியே மிதிக்கக் கூடாது."

உண்மை: அதே 108ஆம் பிரிவு வீட்டுக்காரருக்கும் இடம் தருகிறது. வீடு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க அவரோ அவருடைய ஆளோ நியாயமான நேரத்தில் வந்தால் குடித்தனக்காரர் அனுமதிக்க வேண்டும். ஒழுகும் கூரையைப் பார்க்கப் பகலில் சொல்லிவிட்டு வருவது நியாயம். ஆள் இல்லாத நேரத்தில் மாற்றுச் சாவி போட்டு அலமாரியைத் திறப்பது நியாயம் அல்ல.

நம்பிக்கை: "24 மணி நேரத்துக்கு முன்பே நோட்டீஸ் தர வேண்டும் என்ற சட்டம் எல்லா ஊருக்கும் பொருந்தும்."

உண்மை: அந்த விதி, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தில் இருக்கிறது. வருவதற்கான காரணம், நாள், நேரம் மூன்றையும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வெள்ளம், தீ, புயல் போன்ற அவசரத்தில் மட்டும் முன்னறிவிப்பு தேவையில்லை. ஆனால் இது நகர்ப்புறங்களுக்கான சட்டம். பேரூராட்சியான உத்திரமேரூரில் வாடகைக்கு இருப்பவருக்கு இது துணை நிற்கும். ஊராட்சியான திருமுக்கூடலில் இருப்பவர் 1882ஆம் ஆண்டுச் சட்டத்தையும் தன் ஒப்பந்தத்தையும்தான் நம்ப வேண்டும்.

நம்பிக்கை: "பத்திரம் எழுதவில்லை. அதனால் உரிமையும் இல்லை."

உண்மை: 1882ஆம் ஆண்டுச் சட்டப்படி, மாத வாடகைக்கு வாய்மொழி ஒப்பந்தமும் சாவி ஒப்படைப்புமே போதும். ஆனால் தகராறு வந்தால் நிரூபிக்க வேண்டியிருக்கும். வாடகை ரசீது, வங்கியிலோ ஜிபேயிலோ பணம் அனுப்பிய பதிவு, அந்த முகவரிக்கு வந்த கேஸ் பில் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள்.

நம்பிக்கை: "வாடகை பாக்கி வைத்தால் பூட்டுப் போடலாம், சாமானை வெளியே எடுத்து வைக்கலாம்."

உண்மை: பாக்கியை வசூலிக்கவும் வீட்டைக் காலி செய்ய வைக்கவும் வழக்குத்தான் வழி. 1882ஆம் ஆண்டுச் சட்டப்படி, மாத வாடகையை முடித்துக்கொள்ளவே 15 நாள் நோட்டீஸ் தேவை. சட்ட வழியில் அல்லாமல் வெளியேற்றப்பட்டவர், 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வுச் சட்டம், 6ஆம் பிரிவின்படி ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு வீட்டின் அனுபோகத்தைத் திரும்பப் பெறலாம். எதிராளி வீட்டுக்காரரே ஆனாலும் இதில் மாற்றமில்லை.

ஒன்றை மறக்க வேண்டாம். 108ஆம் பிரிவு தரும் உரிமைகள், ஒப்பந்தத்தில் வேறு விதமாக ஒப்புக்கொள்ளாதவரைதான் செல்லும். "எந்நேரமும் வந்து பார்க்கலாம்" என்று எழுதியிருந்தால், கையெழுத்துப் போடும் முன்பே அதை அடித்து நீக்கச் சொல்லுங்கள். "அவசரம் தவிர, ஒரு நாள் முன்பே சொல்லிவிட்டு, குடியிருப்பவர் இருக்கும்போது மட்டுமே வீட்டுக்குள் வருவேன்" என்ற ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். நகரத்துக்குச் சட்டம் கொடுத்த பாதுகாப்பைக் கிராமத்தில் அந்த ஒரு வரி கொடுக்கும்.