மரித்தவர்களோடு பேசலாமா?

வேதபகுதி: 1 சாமுவேல் 28:3-25, 2 சாமுவேல் 1:17-27, அப்போஸ்தலர் 9:36-42

இந்த மாத வேதபாடத்தை ஒரு கதைப் புத்தகத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். "பாஸ்டருக்கு என்ன ஆச்சு?" என்று சிலர் நினைக்கலாம். கொஞ்சம் பொறுமையோடு வாசியுங்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு, நம் சபையின் தாயார் ஒருவர் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொருளை என் கையில் கொடுத்தார்கள். "பாஸ்டர், இதை எம் பொண்ணு தலகாணிக்கு அடியில வச்சிருந்தா. செத்துப்போனவன் போன்ல பேசுற கதையாம். ஜெபம்பண்ணி எரிச்சுப்போடுங்க" என்றார்கள். கை நடுங்கிக்கொண்டிருந்தது. (தாயாரிடமும் மகளிடமும் கேட்டு, அவர்கள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.)

எபேசு பட்டணத்தில் மாயவித்தைக்காரர் தங்கள் புஸ்தகங்களைக் கொண்டுவந்து சுட்டெரித்தது எனக்கு உடனே ஞாபகம் வந்தது. ஐம்பதினாயிரம் வெள்ளிக்காசு விலையுள்ள புஸ்தகங்கள் (அப். 19:19). ஆனால் அவர்கள் எரித்தது அவரவருடைய சொந்தப் புஸ்தகங்களை. அடுத்தவர் புத்தகத்தை வாசிக்காமலே எரிக்கிறதற்கு எனக்கு வசனம் கிடைக்கவில்லை. கேட்டறிகிறதற்கு முன்னே தீர்ப்புச் சொல்லுகிறவனைக் குறித்து நீதிமொழிகள் 18:13 என்ன சொல்லுகிறது என்று பாருங்கள். ஆகவே வாசித்தேன். வேதாகமக் கல்லூரி டிப்ளமாவோடு நின்றுபோன இங்கிலீஷ் என்னுடையது. பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு ஒன்பது இராத்திரி ஆனது.

டஸ்டின் தாவ் என்பவர் எழுதி 2021-ல் வெளிவந்த 'யூவ் ரீச்டு சாம்' என்ற நாவல் அது. கதை நடப்பது அமெரிக்காவில் வாஷிங்டன் மாகாணத்து எலன்ஸ்பர்க் என்ற சிறிய ஊரில். ஜூலி என்ற பதினேழு வயதுப் பெண்ணும் சாம் என்ற ஜப்பானிய வம்சத்துப் பையனும் ஒருவரையொருவர் நேசிக்கிறார்கள். சாம் கார் விபத்தில் மரித்துப்போகிறான். ஜூலி அடக்க ஆராதனைக்குப் போகவில்லை. அவன் பொருட்களையெல்லாம் தூக்கி எறிகிறாள். மறந்துவிட்டால் சரியாகிவிடும் என்று எண்ணுகிறாள், ஆகவில்லை. ஒருநாள், போனில் அவன் பதிவுசெய்து வைத்திருந்த குரலையாவது கேட்கலாம் என்று அவன் நம்பருக்குப் போன் செய்கிறாள். மரித்துப்போன சாம் போனை எடுத்துப் பேசுகிறான்!

அதற்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். இந்தத் தொடர்பு கொஞ்ச காலத்துக்குத்தான். ஒவ்வொரு தடவை பேசும்போதும் அவனை விடுகிறது அவளுக்கு இன்னும் கடினமாகிறது. இதை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. சாமின் குடும்பத்தார் அவனுக்காக உடைந்து கிடக்கிறதைக் கண்ணால் பார்க்கிறாள். சொன்னால் தொடர்பு அறுந்துபோகுமோ என்ற பயத்தில் வாய் திறக்காமல் இருக்கிறாள். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். ஒரே ஆளுக்காகத் துக்கப்படுகிற இரண்டு பேர் ஒருவரையொருவர் தேற்ற முடியாதபடி நடுவிலே ஒரு இரகசியம் நிற்கிறது. நம் வீடுகளில் இது இல்லையா?

இந்த மாதிரிக் கதைகள் இன்னும் உண்டு என்று வாலிபர் கூட்டத்துப் பிள்ளைகள் சொன்னார்கள். 2006-ல் வந்த 'நியூ மூன்' நாவலில், விட்டுப்போன காதலன் இரத்தக்காட்டேரி. அவன் குரல் காதில் விழுகிறது என்பதற்காகவே அந்தப் பெண் ஆபத்தான காரியங்களைத் தேடித்தேடிச் செய்கிறாள். 2009-ல் வந்த 'இஃப் ஐ ஸ்டே' கதையில், விபத்தில் தாய், தகப்பன், தம்பி மூவரையும் இழந்த பெண் சரீரத்துக்கு வெளியே நின்று, பிழைப்பதா போவதா என்று யோசிக்கிறாள். காதல் என்று அட்டையில் போட்டிருந்தாலும் இவைகளின் உள்ளே இருப்பது துக்கம்தான். பேய்க்கதை வாசிக்கிறார்கள் என்று நாம் பிள்ளைகளைத் திட்டுகிறோம். அவர்களோ அழுவதற்கு ஒரு இடம் தேடி அங்கே போயிருக்கலாம்.

அந்தப் பிள்ளையின் அண்ணன் இரண்டு வருஷத்துக்கு முன் மோட்டார் சைக்கிள் விபத்தில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தான். அடக்க ஆராதனையை நான்தான் நடத்தினேன். 1 தெசலோனிக்கேயர் 4:13-ஐ எடுத்து, நம்பிக்கையுள்ள ஜனம் அழக்கூடாது என்று பலமாய்ப் பிரசங்கித்தேன். சபையார் அல்லேலூயா சொன்னார்கள். அந்த வசனத்தைத் திரும்ப எடுத்து வாசியுங்கள். நம்பிக்கையற்றவர்களைப்போலத் துக்கிக்க வேண்டாம் என்றுதான் பவுல் எழுதுகிறார். துக்கிக்கவே கூடாது என்று எழுதவில்லை. வாக்கியத்தின் பாதியை விழுங்கிவிட்டு மீதியைப் பிரசங்கித்திருக்கிறேன்.

இப்போது வேதபகுதிக்கு வருவோம். சாமுவேல் மரித்து, இஸ்ரவேலர் எல்லாரும் துக்கங்கொண்டாடி, ராமாவிலே அடக்கம்பண்ணியாயிற்று. (நம் சபையில் சாமுவேல் என்ற பையன்களை நாம் சாம் என்றுதானே கூப்பிடுகிறோம்? அந்தப் புத்தகத்தை வாசிக்கும்போது இது என்னை விடவே இல்லை.) பெலிஸ்தர் சூநேமிலே பாளயமிறங்கிவிட்டார்கள். சவுல் பயந்து விசாரிக்கிறான், கர்த்தர் பதில் கொடுக்கவில்லை. அஞ்சனம் பார்க்கிறவர்களை தேசத்தைவிட்டுத் துரத்தினவனே இராத்திரியிலே மாறுவேஷத்தோடு எந்தோருக்குப் போகிறான்.

அங்கே எழும்பினது சாமுவேல்தானா, சாமுவேல் வேஷத்தில் வந்த ஆவியா? வேதாகமக் கல்லூரி விடுதியில் விளக்கை அணைத்த பிறகும் நாங்கள் இதைக் குறித்து வாதாடியிருக்கிறோம். அந்த வாதம் இன்றைக்கு வேண்டாம். சவுலுக்கு என்ன கிடைத்தது? அதைக் கேளுங்கள். ராஜ்யம் உன்னைவிட்டுப் போயிற்று என்று சாமுவேல் உயிரோடிருக்கும்போதே சொன்ன அதே வார்த்தை கிடைத்தது. நாளைக்கு நீயும் உன் குமாரரும் மரிப்பீர்கள் என்கிற செய்தி கிடைத்தது. ஆறுதல் ஒரு சொட்டுகூட இல்லை. நெடுஞ்சாண்கிடையாய் விழுந்தான், எழுந்திருக்கப் பெலனில்லை. கடைசியில் அவனுக்குக் கன்றுக்குட்டி அடித்து அப்பம் சுட்டுக் கொடுத்தது அந்த ஸ்திரீதான். உயிரோடிருக்கிற மனுஷி கையால் சாப்பிட்ட அந்த ஒரு வேளை ஆகாரம்தான் அந்த இராத்திரியில் அவனுக்குக் கிடைத்த நன்மை.

ஆகையால் உபாகமம் 18:11-ம் ஏசாயா 8:19-ம் இன்றைக்கும் அப்படியே நிற்கிறது. துக்க வீட்டைத் தேடி, "உங்கள் பிள்ளையைப் பேசவைக்கிறேன்" என்று வருகிறவர்கள் உண்டு. காசும் போகும், சமாதானமும் போகும். பிசாசு ஒளியின் தூதன் வேஷம் போடுகிறவன் (2 கொரி. 11:14), மரித்த மகன் வேஷம் போடமாட்டானா? இப்போது மரித்தவர் குரலிலே கம்ப்யூட்டரைப் பேசவைக்கிறார்கள். அது ஆவி அல்ல, மெஷின். ஆனாலும் பதில் வேண்டும் என்று ஏங்குகிற இருதயம் அதே இருதயம்தான். வாலிபர்களே, ஜாக்கிரதை.

இங்கேதான் தாவீதைப் பார்க்க வேண்டும். சவுலும் யோனத்தானும் விழுந்தார்கள் என்ற செய்தி வந்ததும் அவன் புலம்பல் பாடுகிறான். 2 சாமுவேல் 1:26-ஐ கவனித்து வாசித்தால் ஒரு காரியம் தெரியும். மரித்துப்போன யோனத்தானைப் பெயர் சொல்லி, எதிரே நிற்கிறவனோடு பேசுகிறதுபோலப் பேசுகிறான். அப்சலோம் செத்தபோதும் அப்படியே, மகனே மகனே என்று மேல்வீட்டுக்கு ஏறிப்போகும்போதே கூப்பிட்டு அழுகிறான் (2 சாமு. 18:33). கர்த்தர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. சவுலும் தாவீதும் இருவருமே மரித்தவனோடு பேசினார்கள். சவுல் பதில் கேட்டான். தாவீது பதில் கேட்கவில்லை, அழுதான். குழந்தை மரித்தபோது, நான் அதினிடத்துக்குப் போவேன், அது என்னிடத்துக்குத் திரும்பி வராது என்ற கருத்தில் அவன் சொன்னதை 2 சாமுவேல் 12:23-ல் காண்கிறோம்.

ஜப்பானில் ஓட்சுச்சி என்ற கடற்கரை ஊரில், இதாரு சசாகி என்பவர் தன் உறவினர் ஒருவரை இழந்த துக்கத்தில், 2010-ல் தன் தோட்டத்தில் ஒரு டெலிபோன் கூண்டு வைத்தார். அந்தப் போனுக்கு இணைப்பே கிடையாது. 2011 மார்ச் 11-ல் சுனாமி வந்து அந்த ஊரை வாரிக்கொண்டு போன பிறகு, ஆயிரக்கணக்கான ஜனங்கள் அங்கே வந்து, அந்த ரிசீவரை எடுத்து, போனவர்களோடு பேசிவிட்டு அழுதுவிட்டுப் போகிறார்கள். நான் அதை நமக்குச் சிபாரிசு செய்யவில்லை. நமக்குக் கேட்கிற தேவன் இருக்கிறார், கண்ணீரைத் துருத்தியிலே வைத்திருக்கிறவர் (சங். 56:8). ஆனால் அந்த ஜனங்களைப் பரிகாசம்பண்ணவும் எனக்கு வாய் வரவில்லை. அழ ஒரு கூண்டு அவர்களுக்குக் கிடைத்திருக்கிறது. நாம் என்ன வைத்திருக்கிறோம்?

அந்தத் தாயார் வீட்டுக்கு நானும் என் மனைவியும் போனோம். தாயார் டீ போட உள்ளே போனார்கள். பிள்ளை மெதுவாக, "புக்கை எரிச்சிட்டீங்களா பாஸ்டர்? அது என் பிரண்டோடது" என்றாள்.

"இல்லம்மா, வாசிச்சேன்."

"முழுசாவா?"

"முழுசா."

கொஞ்சநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "நானும் அண்ணன் நம்பருக்குப் போன் பண்ணுவேன் பாஸ்டர். சுவிட்ச் ஆஃப்னு வரும். அதுவே போதும்னு இருக்கும். ஒருநாள் ரிங் போச்சு. யாரோ எடுத்து, 'யாரு வேணும்'னு கேட்டாங்க. நம்பரை வேற ஆளுக்குக் கொடுத்துட்டாங்க போல. வச்சிட்டேன்."

என்னிடத்தில் வசனம் இல்லை. என் மனைவி அவளைச் சேர்த்து அணைத்துக்கொண்டாள். டீ டம்ளரோடு கதவண்டை நின்ற தாயார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டார்கள். "நீ போன் பண்ணினியாடி? எனக்குத் தெரியாதே" என்று சொல்லி அங்கேயே உட்கார்ந்து சத்தமிட்டு அழுதார்கள். அடக்க ஆராதனையிலிருந்து அன்றுவரை மகள் முன்பாக அவர்கள் அழுததே இல்லையாம். "பாஸ்டர் அழக்கூடாதுன்னு சொன்னாரே" என்று அடக்கிவைத்திருந்தார்களாம்.

நாயீன் ஊர் விதவையிடம் இயேசுவும் அழாதே என்றுதான் சொன்னார் (லூக்கா 7:13). ஆனால் சொன்னவர் அடுத்த நிமிஷம் பாடையைத் தொட்டு வாலிபனை எழுப்பினார். அழாதே என்று சொன்ன என் கையிலோ பாட்டுப்புத்தகம்தான் இருந்தது. பெத்தானியாவில், இன்னும் சற்றுநேரத்தில் லாசரு எழுந்திருப்பான் என்று அறிந்தவரே மரியாள் அழுகிறதைக் கண்டு தாமும் கண்ணீர் விட்டார் (யோவான் 11:33-35). அந்த வீட்டில் அன்றைக்கு நான் இருவரிடமும் மன்னிப்புக் கேட்டேன்.

பிறகு தாயார் அலமாரியைத் திறந்து மகனுடைய சட்டைகளைக் கொண்டுவந்தார்கள். துவைத்து மடித்து வைத்திருந்தார்கள். ஒரு சட்டையைக் காட்டி, "இது கல்லூரிக்கு முதல் நாள் போட்டது" என்றார்கள். "இல்லம்மா, அது நீலம்" என்று மகள் திருத்தினாள். எனக்கு யோப்பா ஞாபகம் வந்தது. தொற்காள் மரித்துக் கிடக்கிறாள். விதவைகள் பேதுருவைச் சூழ நின்று அழுது, அவள் தைத்த வஸ்திரங்களை எடுத்துக் காட்டுகிறார்கள் (அப். 9:39). பேதுரு ஆவியினால் நிறைந்தவர், பெந்தெகொஸ்தே நாளில் பிரசங்கித்தவர். அவர்களை அதட்டவில்லை, அந்தத் துணிகளைத் தள்ளவில்லை. அவர்கள் காட்டினார்கள், அவர் பார்த்தார், அதற்குப் பின்புதான் முழங்கால்படியிட்டார். ஸ்தேவானுக்காகவும் தேவபக்தியுள்ள மனுஷர் மிகவும் துக்கங்கொண்டாடினார்கள் என்று அப்போஸ்தலர் 8:2-ல் இருக்கிறது. அவர் பரலோகத்தைத் திறந்திருக்கக் கண்டவர், அவர் எங்கே போனார் என்பதில் அவர்களுக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் அழுதார்கள். ஆதி பெந்தெகொஸ்தே சபை அழுத சபை.

ஜூலி சாமின் பொருட்களைத் தூக்கி எறிந்ததால்தானே பிற்பாடு போனைப் பிடித்துத் தொங்கினாள் என்று அந்தப் பிள்ளையிடம் கேட்டேன். "கடைசியில அவளும் குட்பை சொல்லிடுவா பாஸ்டர்" என்றாள். உண்மைதான். போனை எடுத்த சாமினால் திரும்பி வர முடியவில்லை. கதை எழுதினவராலும் அதைச் செய்ய முடியவில்லை. வருகிறவர் ஒருவர் இருக்கிறார், எக்காளம் தொனிக்கும் என்று 1 தெசலோனிக்கேயர் நான்காம் அதிகாரத்தை நால்வரும் கடைசிவரை வாசித்தோம். இந்தத் தடவை பாதியில் நிறுத்தவில்லை.

மாதத்தின் கடைசி சனிக்கிழமை சாயங்காலம் 5 மணிக்கு, யாரையாவது இழந்தவர்கள் நம் வீட்டுக்கு வரலாம். பிரசங்கம் இருக்காது. போட்டோவோ, சட்டையோ, கைக்கடிகாரமோ கொண்டுவாருங்கள். அழுகிறவர்களை ஒருவரும் தடுக்கமாட்டோம். டீ உண்டு.

புத்தகத்தை எரிக்கவில்லை. தாயார் சுற்றிக்கொண்டுவந்த அதே செய்தித்தாளில் சுற்றிப் பிள்ளையிடம் கொடுத்தேன். மறுநாள் தோழியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.