பெட்டி ஏன் அணைந்தது?

கர்நாடகத்தில் கோலார் தங்கவயல் என்று ஓர் ஊர் இருக்கிறது. தமிழ் பேசும் மக்கள் அங்கே மிகுதி. தங்கச் சுரங்கத்தில் வேலை செய்ய வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப் பிள்ளைகளும் அவர்கள். சுரங்கம் 2001-ஆம் ஆண்டு மூடப்பட்டது. மூடிய பிறகும் ஊர் இருக்கிறது. சுரங்கத்திலிருந்து அள்ளிக் கொட்டிய மண்ணும் மலை போல் குவிந்து கிடக்கிறது. அதைச் சயனைடு மேடு என்கிறார்கள். வெயில் காலத்தில் காற்று அடித்தால் அந்த மண் பறக்கும். சட்டியில் விழும். துணியில் படியும். கண்ணில் விழும்.

மாரிக்குப்பத்தில் பத்துப் பெண்கள் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். சேமிப்புப் பணத்தில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கினார்கள். மனு அடித்துக் கொடுப்பது, படிவம் நிரப்புவது, பிரிண்ட் எடுப்பது என்று வேலை நடந்தது. குழுவின் கடன் கணக்கும் அதில்தான் இருந்தது.

குழுவின் பொருளாளரை எல்லாரும் பெரியம்மா என்று கூப்பிடுவார்கள். அவர் ஐம்பது வயதுக்கு மேல்தான் எழுதப் படிக்கக் கற்றார். கம்ப்யூட்டரைத் தொட மாட்டார். ஆனால் அவரிடம் ஒரு நோட்டு உண்டு. கடையில் நடப்பதை எல்லாம் அதில் எழுதுவார். எழுத்து கொஞ்சம் பெரிது. ஒரு வரிக்கு நாலு சொல்தான் வரும்.

மார்ச் மாதம் கம்ப்யூட்டர் மக்கர் செய்யத் தொடங்கியது. ஓடிக்கொண்டே இருக்கும். திடீரென்று அணைந்து போகும். கொஞ்ச நேரம் விட்டுப் போட்டால் மறுபடி வரும். ஒரு சனிக்கிழமை அதுவும் இல்லை. பொத்தானை அழுத்தினால் உள்ளே விசிறி சுற்றியது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. "பீப், பீப்" என்று சத்தம் வந்தது.

திங்கட்கிழமை வங்கியில் கணக்குத் தர வேண்டும். தந்தால்தான் அடுத்த கடன் கிடைக்கும். பழுது பார்ப்பவர் ஒருவர் வந்தார். பெட்டியைத் திறக்கவே இல்லை. "மதர்போர்டு போச்சு. புதுசு வாங்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். புதுசு வாங்கப் பணம் எங்கே இருக்கிறது?

அதே லயன் வீடுகளில் ஓர் இளைஞர் இருந்தார். ஐ.டி.ஐ. படித்தவர். தினமும் விடியற்காலை ரயிலில் பெங்களூர் போய் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் வேலை செய்பவர். ஞாயிறு மட்டும் வீட்டில் இருப்பார். பெரியம்மா அவரைக் கூப்பிட்டார்.

"தம்பி, இது பிழைக்குமா? உண்மையைச் சொல்லு."

"பார்த்துட்டுச் சொல்றேன் பெரியம்மா. முதல்ல, எப்போ எப்போ அணைஞ்சதுன்னு யாருக்காவது ஞாபகம் இருக்கா?"

தட்டச்சு செய்யும் பெண் விழித்தாள். பெரியம்மா நோட்டை நீட்டினார். அதில் இப்படி இருந்தது:

மார்ச் 4. பகல் 2 மணி. 40 நிமிடம் ஓடியது. தானே அணைந்தது. பெட்டி சூடு.

மார்ச் 9. காலை 7 மணி. இரண்டு மணி நேரம் ஓடியது. அணையவில்லை.

மார்ச் 11. பகல் 3 மணி. காற்று. மண். 20 நிமிடத்தில் அணைந்தது.

மார்ச் 15. தேதி தப்பு. வங்கிப் பக்கம் திறக்கவில்லை.

இளைஞர் இரண்டு முறை படித்தார். "பாதி வேலை முடிஞ்சது பெரியம்மா" என்றார்.

காலையில் ஓடுகிறது. பகலில் அணைகிறது. நாள் ஆக ஆகச் சீக்கிரம் அணைகிறது. அப்படியானால் சூடுதான் காரணமாக இருக்க வேண்டும். கம்ப்யூட்டரின் மூளை போன்ற பகுதிக்குப் பிராசசர் என்று பெயர். வேலை செய்யும்போது அது சூடாகும். அதன் தலையில் ஓர் உலோகத் தட்டும், அதன் மேல் ஒரு விசிறியும் இருக்கும். விசிறி சூட்டை வெளியே தள்ளும். தள்ள முடியாமல் போனால் சூடு ஏறும். 100 டிகிரியை நெருங்கினால், கருகிப் போகாமல் இருக்க, கம்ப்யூட்டர் தானே அணைந்துவிடும். வீட்டில் பியூஸ் போவது போலத்தான். கெட்டுப்போனதால் அணையவில்லை. கெட்டுப்போகாமல் இருக்கவே அணைந்தது.

தேதி தப்பானது வேறு கதை. மதர்போர்டில் பொத்தான் போல ஒரு சிறிய பேட்டரி உண்டு. 3 வோல்ட். மின்சாரம் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். சில வருடத்தில் தீர்ந்துவிடும். தேதி பழைய ஆண்டுக்குப் போய்விட்டால் வங்கியின் இணையப் பக்கம் நம்பாது, திறக்காது. பேட்டரி கடையில் கிடைக்கும். விலையும் குறைவு.

இளைஞர் முதலில் சுவிட்சை அணைத்தார். பிளக்கையும் பிடுங்கினார். சுவிட்ச் அணைத்தால் மட்டும் போதாது. பிறகு கம்ப்யூட்டரின் பொத்தானைச் சில நொடி அழுத்திப் பிடித்தார். உள்ளே மிச்சம் இருக்கும் மின்சாரம் அப்படித்தான் தீரும். பெட்டியின் இரும்புப் பகுதியைத் தொட்டார். நம் உடம்பில் சேரும் சிறு மின்சாரம் உள்ளே இருக்கும் பாகங்களைக் கெடுத்துவிடும். தொட்டால் அது இறங்கிவிடும்.

பக்கத் தகட்டைக் கழற்றினார். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். உள்ளே மாவு சலித்தது போல் சாம்பல் நிற மண். விசிறியின் அடியில் கம்பளி போல் அடைந்து கிடந்தது.

"நம்ம மேட்டு மண்ணுதான்!" என்றாள் தட்டச்சுப் பெண்.

அவள் வாயால் ஊதப் போனாள். இளைஞர் தடுத்தார். எச்சில் ஈரம் படும். அந்த மண்ணும் மூச்சில் போகக் கூடாதது. மூக்கில் துணி கட்டிக்கொண்டு, பெட்டியை வெளியே திண்ணைக்குக் கொண்டுபோனார். காய்ந்த பிரஷ்ஷால் தூசியைத் தட்டினார். விசிறி சுற்றாதபடி ஒரு விரலால் பிடித்துக்கொண்டார். பிராசசருக்கும் தட்டுக்கும் நடுவில் சூடு கடத்தும் பசை இருக்கும். அது காய்ந்து பொரிந்து போயிருந்தது. துடைத்துவிட்டுப் புதுப் பசை வைத்தார். இது பழகிய கை செய்ய வேண்டிய வேலை. தூசி தட்டுவதை யாரும் செய்யலாம்.

பெட்டியின் ஒரு மூலையில் தகரக் கூடு ஒன்று இருந்தது. வீட்டு மின்சாரத்தைக் குறைந்த வோல்ட்டாக மாற்றிக் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். அது. அதை மட்டும் இளைஞர் திறக்கவில்லை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் ஆளை அடிக்கும் மின்சாரம் தங்கியிருக்கும். அது கெட்டால் மாற்ற வேண்டும். பிரிக்கவே கூடாது.

இனி, திரை ஏன் கறுப்பு? பீப் சத்தம் ஏன்? பொத்தானை அழுத்தியதும் கம்ப்யூட்டர் தன் உறுப்புகளைத் தானே சோதித்துப் பார்க்கும். ஏதாவது குறை இருந்தால், திரையில் சொல்ல வழி இல்லாதபோது, பீப் சத்தத்தில் சொல்லும். எத்தனை சத்தம் வந்தால் என்ன குறை என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆனால் ரேம் சரியாக உட்காராவிட்டால் பெரும்பாலும் இப்படித்தான் கத்தும். ரேம் என்பது வேலை நடக்கும்போது மட்டும் நினைவு வைக்கும் ஒரு சிறு பலகை.

இளைஞர் இரண்டு ரேம் பலகைகளையும் கழற்றினார். ஓரத்தில் மஞ்சளாகச் சிறு பட்டைகள் மின்னின.

"இது என்ன, தம்பி? தங்கம் மாதிரி?"

"தங்கமேதான் பெரியம்மா. மெல்லிய பூச்சு. தங்கம் துருப் பிடிக்காது இல்லையா, அதனால."

வாசலில் உட்கார்ந்திருந்த பழைய சுரங்கத் தொழிலாளி ஒருவர் எழுந்து வந்தார். பலகையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெரிய பலகையாக இருந்தாலும் எடை இல்லையே என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

பள்ளிப் பிள்ளையின் அழிரப்பரால் அந்தப் பட்டைகளை மெதுவாகத் தேய்த்தார் இளைஞர். துகளைத் தட்டினார். ஒரு பலகையை மட்டும் முதலில் செருகினார். இரண்டு ஓரமும் "கிளிக்" என்று பூட்டின. மின்சாரம் கொடுத்தார். ஒரே ஒரு பீப். திரையில் வெளிச்சம் வந்தது. அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, இரண்டாவது பலகையையும் செருகினார். அதுவும் நன்றாகவே இருந்தது.

ஆனால் விண்டோஸ் வரவில்லை. "பழுது நீக்குகிறது" என்று காட்டிக் காட்டி, மறுபடி முதலிலிருந்தே தொடங்கியது. எழுதிக்கொண்டு இருக்கும்போதே பல முறை அணைந்ததால் கோப்புகள் குழம்பிவிட்டன. இந்த இடத்தில் அவசரக்காரர்கள் விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடுவார்கள். கம்ப்யூட்டர் ஓடும். கணக்கு போய்விடும். பழுது பார்க்கக் கொடுக்கும்போது "உள்ளே இருக்கிற கணக்கு வேண்டும்" என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

இளைஞர் ஹார்டு டிஸ்க்கில் காதை வைத்துக் கேட்டார். "டக், டக்" என்று அடித்தால் உடனே அணைத்துவிட வேண்டும். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தால் மிச்சமும் போய்விடும். நல்ல வேளை, அப்படிச் சத்தம் இல்லை. பையிலிருந்து ஒரு பென் டிரைவ் எடுத்தார். அதில் லினக்ஸ் இருந்தது. விண்டோஸைத் தொடாமல், அந்தப் பென் டிரைவிலிருந்தே கம்ப்யூட்டரை எழுப்பினார். குழுவின் கணக்கு எல்லாவற்றையும் இன்னொரு பென் டிரைவில் நகல் எடுத்தார். அதற்குப் பிறகுதான் டிஸ்க்கைச் சரிபார்க்கும் கட்டளையைக் கொடுத்தார். அது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியது. டீ வந்தது. மாலை நாலு மணிக்கு விண்டோஸ் திறந்தது.

எல்லாம் வரவில்லை. பிப்ரவரி மாதக் கோப்பு திறக்க மறுத்தது. நகலிலும் அது கெட்டே இருந்தது. தட்டச்சுப் பெண் அழாத குறை.

"அழாதே. பிப்ரவரி என்கிட்ட இருக்கு" என்றார் பெரியம்மா. நோட்டைப் பின்னுக்குப் புரட்டினார். யார் எவ்வளவு கட்டினார்கள், எந்தத் தேதி என்று வரிசையாக இருந்தது. அவர் படிக்கப் படிக்க அவள் அடித்தாள். இரவு எட்டு மணிக்குப் பிரிண்ட் எடுத்தார்கள்.

மறுநாள் பெட்டியை ஜன்னல் ஓரத்திலிருந்து எடுத்து உள் சுவர்ப் பக்கம் வைத்தார்கள். தரையில் வைக்காமல் பலகை மேல் வைத்தார்கள். சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி. இரவில் துணி மூடுவது, காலையில் போடும் முன் துணியை எடுப்பது என்று ஏற்பாடு. மூடிய துணியோடு ஓட்டினால் மறுபடி சூடுதான். வெள்ளிக்கிழமைதோறும் கணக்கைப் பென் டிரைவில் நகல் எடுத்துப் பெரியம்மா வீட்டுப் பெட்டியில் வைக்க வேண்டும்.

வங்கிக்குப் போகும் முன் பெரியம்மா நோட்டில் எழுதினார்:

மார்ச் 22. ஞாயிறு. மண் எடுத்தது. ரேம் துடைத்தது. பேட்டரி வாங்க வேண்டும். விசிறி இன்னும் கொஞ்சம் சத்தம்.