ஆங்கிலத்தின் ஒட்டு வினைகள்

சென்ற குளிர்காலத்தில் ஓர் இரவு. ஊருக்குப் போயிருந்த மூத்த ஆய்வு மாணவர் ஒருவரிடமிருந்து என் கைப்பேசிக்கு ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்தது. ஆய்வுக்கூட உறைபெட்டியின் எச்சரிக்கை அவருக்குத்தான் போகும். அலாரம் ‘வென்ட் ஆஃப்’ என்று எழுதியிருந்தார். ‘ஆஃப்’ என்றால் அணைந்தது என்பதுதானே சிறு வயது முதல் சுவிட்சுப் பலகை நமக்குக் கற்பித்த பாடம்? அலாரம் நின்றுவிட்டது, நல்லதாயிற்று என்று போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உறங்கிவிட்டேன். காலையில் போய்ப் பார்த்தால் பெட்டியின் கதவு ஒரு விரற்கடை திறந்து கிடந்தது. மைனஸ் 20 பாகையில் இறுகியிருக்க வேண்டிய மாதிரிகள் குழாய்களில் நீராய் நின்றன. மூன்று மாத உழைப்பு! அலாரம் ‘வென்ட் ஆஃப்’ என்றால் அலறத் தொடங்கிற்று என்று பொருளாம்.

விளக்கு ‘வென்ட் ஆஃப்’ என்றால் அணைந்தது. பால் ‘வென்ட் ஆஃப்’ என்றால் கெட்டது. வெடிகுண்டும் அலாரமும் ‘வென்ட் ஆஃப்’ என்றால் வெடித்தது, ஒலித்தது. சொல் ஒன்று, பொருள் மூன்று. அடங்கியிருந்தது கட்டவிழ்ந்து வெளிப்பட்டது என்று வெடியோடு சேர்த்து அலாரத்தையும் நினைவில் வைத்துக்கொண்டால் பிழை நேராது. எனக்கு அது காலம் கடந்து வந்த ஞானம்.

எளிய வினையொன்று, அதன் பின்னால் ‘அப்’, ‘ஆஃப்’, ‘இன்’, ‘அவுட்’ போன்ற குட்டிச் சொல்லொன்று. இரண்டும் கூடினால் இரண்டிலும் இல்லாத மூன்றாவது பொருள். இவற்றை ஒட்டு வினைகள் என்று சொல்லலாம். 1755-இல் அகராதி வெளியிட்ட சாமுவேல் ஜான்சனே, அயல்மொழியாளரை மிகவும் வருத்துவது இவ்வகை வினைகள் என்று தம் முன்னுரையில் குறித்திருக்கிறார். ஆகவே நாம் வெட்கப்பட வேண்டியதில்லை. சி. கே. ஆக்டன் என்பார் 1930-இல் 850 சொற்களே கொண்ட ‘பேசிக் இங்கிலீஷ்’ ஒன்றை அமைத்தார். அதில் வினைகள் பதினெட்டே! மற்ற வினைகளின் வேலையையெல்லாம் பெரும்பாலும் இந்த ஒட்டு வினைகளே செய்ய வேண்டும். சொற்கள் குறைந்தன, கற்பவனுக்குச் சுமை குறைந்ததா என்பது வேறு கேள்வி.

பாடநூல்களைத் தடையின்றிப் படிக்கும் நாம் பேச்சில் மட்டும் ஏன் தடுமாறுகிறோம்? 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின் பிரெஞ்சுச் சொற்களும் இலத்தீன் சொற்களும் வெள்ளமாய் அம்மொழியுள் புகுந்தன. ஏட்டில் அவை ஓங்கி நிற்க, பழைய குடிகளான ஒட்டு வினைகள் வாய்மொழியில் செழித்தன. கட்டுரையில் ‘போஸ்ட்போன்’, பேச்சில் ‘புட் ஆஃப்’. ஏட்டில் ‘டாலரேட்’, பேச்சில் ‘புட் அப் வித்’. நாம் படித்ததோ ஏடு, கேட்பதோ பேச்சு.

ஆனால் நம் தமிழ் மட்டும் இதில் என்ன வாழ்கிறது? என் அறைத்தோழர் வங்காளி. என்னிடம் தமிழ் கற்று வருகிறார். ‘சொல்லிக்கொடு’ என்றால் கற்பி என்று அறிந்தவர், ஒருநாள் பலர் முன்னிலையில், “இந்தக் கருவியை எனக்குக் காட்டிக்கொடு” என்றார். கூடியிருந்த தமிழர் சிரித்த சிரிப்பில் அவர் முகம் வாடிவிட்டது. சொல்வதும் கொடுப்பதும் சேர்ந்தால் கல்வி; காட்டுவதும் கொடுப்பதும் சேர்ந்தால் துரோகம்! அவருக்கு நான் எந்த இலக்கணத்தைக் காட்டுவேன்? அந்தத் துரோகத்திற்கு ஆங்கிலத்திலும் ‘கிவ் அவே’ என்று கொடுக்கும் வினைதான் வருகிறது என்பது வேடிக்கை. ‘கிவ் இன்’ நமது விட்டுக்கொடுத்தல். ‘கிவ் அப்’ கைவிடுதல். ‘ஈட் அப்’, ‘யூஸ் அப்’ என்பவற்றில் வரும் ‘அப்’ மேலே என்று பொருள்படாது. தின்றுவிடு, தீர்த்துவிடு என்பவற்றில் நம் ‘விடு’ செய்யும் வேலையையே அது செய்கிறது. பால் ‘கெட்டுப்போயிற்று’ என்கிறோமே, பால் எங்கே போயிற்று? இப்படித் தமிழோடு வைத்துப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் எனக்கு அச்சம் தெளிந்தது.

சொல்லும் இடத்திலும் ஒரு நுட்பம் உண்டு. ‘டர்ன் இட் ஆஃப்’ என்பதே சரி. ‘டர்ன் ஆஃப் இட்’ என்பது பிழை. மாறாக, ‘லுக் ஆஃப்டர் இட்’ சரி. ‘லுக் இட் ஆஃப்டர்’ பிழை. முன்னதில் ‘ஆஃப்’ வினையடை. ஆதலால் ‘இட்’ நடுவே புகுந்தாக வேண்டும். பின்னதில் ‘ஆஃப்டர்’ தனக்குரிய பெயரைப் பின்னால் இழுத்துக்கொண்டே நிற்கும். காதும் உதவும்: ‘டர்ன் இட் ஆஃப்’ என்று சொல்லும்போது அழுத்தம் கடைசிச் சொல்லில் விழும்.

வெளிநாட்டுப் பேராசிரியர்களுக்குக் கடிதம் எழுதும் நண்பர்களுக்கு இரண்டு சொற்கள். ‘2022-இல் பாஸ்டு அவுட்’ என்று எழுதாதீர்கள். இந்தியாவில் அது பட்டம் பெற்றதைக் குறிக்கும். அங்கே பெரும்பாலோர், மயங்கி விழுந்ததாக எண்ணுவர். வரைவை அனுப்பி ‘ஓவர்லுக்’ செய்யும்படியும் கேட்காதீர்கள். ‘லுக் ஓவர்’ என்றால் பார்வையிடுதல். ‘ஓவர்லுக்’ என்றாலோ கவனியாது விடுதல். நீங்கள் கேட்டதை அவர் அப்படியே செய்துவிடக் கூடும்.

வழக்குத் தொடர்களின் கதை இன்னும் பெரிது. ஒன்று மட்டும் சொல்கிறேன். காலை இழுப்பது ஆங்கிலத்தில் வெறும் கேலி. நமக்கோ காலை வாருவது நம்பிக்கைத் துரோகம். முதலாண்டில் ஒரு நண்பன், தான் என் காலை இழுத்ததாக ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தபோது இரண்டு நாள் அவனோடு நான் பேசவில்லை.

உறைபெட்டிச் செய்திகள் இப்போதும் வருகின்றன. “கத்துகிறதா, நின்றுவிட்டதா?” என்று உடனே திருப்பிக் கேட்கிறேன். மூத்தவர் சிரிக்கிறார், ஆனாலும் பதில் அனுப்புகிறார்.