விஞ்ஞான மாணாக்கனும் தமிழ்ப் பாடமும்

விஞ்ஞானத்திலே நாட்டமுடைய மாணாக்கர் இலக்கணத்தையும் வரலாற்றையும் வேற்று நிலமெனக் கருதுதலை யாம் வகுப்பிலே ஆண்டுதோறும் காண்கின்றோம். "பொறியியல் கற்க விழையும் எமக்குப் புணர்ச்சி விதி எதற்கு?" என்பது அவர்தம் வினா. வினா நேர்மையானது, விடையும் அவ்வாறே அமைதல் வேண்டும்.

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையிலே தாய்மொழி, சமயம், வரலாறு என்பன கணிதம், விஞ்ஞானம் என்பவற்றைப் போலவே கட்டாய பாடங்களாம். கிளிநொச்சி அறிவியல் நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் விவசாய பீடமும் உள்ளன. வவுனியாவிலே 2021ஆம் ஆண்டு தனிப் பல்கலைக்கழகம் எழுந்தது. நம் வன்னி மண்ணிலேயே திறந்துள்ள இவ்வாயில்களை நாடுவோன் முதலிலே தாய்மொழித் தாளிற் சித்தியடைதல் வேண்டும். வெறும் மனனத்தை நம்புவோன் இடர்ப்படுவான். தனக்குப் பழகிய விஞ்ஞான முறையாலே கற்போன் எளிதிற் கடப்பான்.

இரசாயனவியலிலே பொருள்கள் கூடும்போது நிகழும் மாற்றத்தை நோக்கி, குறித்து, வகைப்படுத்துகின்றோம். சொற்கள் கூடுமிடத்தும் அவ்வாறே செய்க. மாவும் குளமும் கூடி மாங்குளம் ஆயிற்று. இங்கே ஙகர மெய் தோன்றியது. கல்லும் சிலையும் கூடிக் கற்சிலை ஆயிற்று. இங்கே லகரம் றகரமாகத் திரிந்தது. கற்சிலைமடு என்னும் ஊர்ப்பெயரிலே இதனைக் காண்க. நிலமும் வளமும் கூடி நிலவளம் ஆயிற்று; இங்கே மகரம் கெட்டது. தோன்றல், திரிதல், கெடுதல் என்னும் மூன்று விகாரங்களும் நாம் நாள்தோறும் வழங்கும் சொற்களிலே அமைந்து கிடக்கின்றன. அவற்றைக் கொப்பியிலே திரட்டி நிரல் செய்வோனுக்கு விதி தானே மனத்திற் படியும்.

வரலாறும் இத்தகையதே. பண்டைக் குளங்களின் 'பிசோகொட்டுவ' என்னும் அமைப்பைப் பெயரளவிலே நெட்டுருப் பண்ணுதலாற் பயனில்லை. நீரின் ஆழம் பத்து மீற்றர் மிகுந்தால் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அமுக்கம் கூடும். அவ்வமுக்கத்தோடு பாயும் நீரை அடக்கி, அணைக்கட்டுக்கு ஊறின்றி வெளியேற்றுதற்கே கிணறு போன்ற அவ்வமைப்பு வேண்டப்பட்டது. காரணம் விளங்கியபின் பெயர் மறவாது. நீர்ப்பாசனப் பொறியியலாளரான ஹென்றி பார்க்கர் 1909இல் வெளியிட்ட வரலாற்று நூலிலே நம் வவுனிக்குளத்தையும் ஆராய்ந்தமை ஈண்டு நினைக்கத்தக்கது.

இரு துறையும் ஒருவரிடத்திலே நிலைத்தல் கூடுமோ என ஐயுறுவோர் விபுலாநந்த அடிகளாரை நோக்குக. காரைதீவிலே 1892இல் மயில்வாகனனாகப் பிறந்த அவர், 1916ஆம் ஆண்டிலே விஞ்ஞான டிப்புளோமாவும் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதப் பட்டமும் பெற்றார். யாழ்ப்பாணத்திலே விஞ்ஞானம் கற்பித்தார். இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியும் ஆனார். அவரே 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். 1947இல் அரங்கேறிய யாழ்நூலிலே, வழக்கொழிந்த யாழின் இயல்பைப் பண்டை நூற் சான்றுகளோடு கணிதமும் ஒலியியலும் கொண்டு துணிந்தார். தமிழ் மட்டும் கற்றவர்க்கோ பௌதிகவியல் மட்டும் கற்றவர்க்கோ அந்நூல் கைகூடியிராது.

ஆதலின், மாணாக்கரே, நாள்தோறும் அரைமணி நேரத்தைத் தமிழுக்கும் வரலாற்றுக்கும் ஒதுக்குக. பரிசோதனைக் குறிப்பைப் பிழையற்ற தமிழிலே எழுதிப் பழகுக. ஒரு வரலாற்றுச் செய்தியைப் படித்தவுடன் 'இதற்குக் காரணம் யாது, சான்று யாது' என வினவுக. நாளை நீர் பொறியியலாளராய்க் குளக்கட்டிலே நிற்கும்போது, நீர் கண்டதைக் கமக்காரர் உம் சொற்களாலேயே அறிவர்; அச்சொற்கள் தெளிவாயிருத்தல் வேண்டும்.